தாமதமான முழுக் கணக்கா, தேதிக்கு வந்த ஓட்டைக் கணக்கா?

ஐந்து கம்பெனிகள் சேர்ந்த ஒரு குழுமத்தின் கணக்குகளை ஒரே ஐந்தொகையாக, அதாவது பேலன்ஸ் ஷீட்டாகக் கோப்பதுதான் என் பிழைப்பு. ஒரு வருஷம் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே 4,12,000 ரூபாய் இடித்தது. ஓசூரில் இருக்கிற கம்பெனி மார்ச் 31 ராத்திரி பில் போட்டு, சரக்கை லாரியில் ஏற்றிவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கிற கம்பெனி ஏப்ரல் 3-ஆம் தேதி சரக்கை இறக்கி, அன்றைய தேதியில் பதிந்தது. "பில் போட்டாச்சு சார், எங்க புக்ஸ் க்ளோஸ்" என்கிறார் ஓசூர்க்காரர். "குடோனுக்கே வராத சரக்கை நாங்க எப்படி சார் கணக்குல எடுத்துக்கறது?" என்கிறார் கோயம்புத்தூர்க்காரர். அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் நியாயம். ஆனால் குழுமத்தின் கணக்கில் அந்த விற்பனை என்ற ஒன்றே கிடையாது. சொந்த வீட்டுச் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பாத்திரம் போனால் அது வியாபாரமா? இரண்டு பக்கப் பதிவையும் அடித்து நீக்கிவிட்டு, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த லாரியைச் சரக்கிருப்பில் சேர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஐந்து கம்பெனிக்கே இப்படி. 10,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு இதே வேலையைச் செய்கிற ஒரு நாடு உண்டு. பிரிட்டன். அமைச்சகங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், நகர சபைகள், அரசுக் கம்பெனிகள் எல்லாவற்றையும் சேர்த்து, தமக்குள் கொடுத்து வாங்கியதை அடித்து, 'முழு அரசுக் கணக்கு' என்று ஒன்றை அதன் நிதியமைச்சகமான டிரெஷரி வெளியிடுகிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு அடிப்படை. 2009-10 நிதியாண்டுக்கான முதல் கணக்கு 2011-இல் வந்தது. உள்ளாட்சி வரை சேர்த்து இத்தனை பெரிய வட்டம் போடும் நாடுகள் உலகத்தில் மிகக் குறைவு.

பிரச்சினையும் அந்த வட்டத்தில்தான். எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் படம் எடுப்பேன் என்று நிற்கிற போட்டோகிராஃபர் மாதிரி ஆகிவிட்டது டிரெஷரி. 2017-18 கணக்கு ஆண்டு முடிந்து 14 மாதத்தில் வந்தது. 2019-20 கணக்கு வந்தது 2022 ஜூனில், 26 மாதம் கழித்து. 2020-21 கணக்கு 2023 ஜூலையில். கொரோனாவுக்கு அரசு அள்ளிச் செலவழித்த ஆண்டின் முழுப் படம், அந்தச் செலவை முடிவு செய்த பிரதமரும் அவருக்கு அடுத்தவரும் பதவியை விட்டுப் போன பிறகு வெளியானது. ஐந்தொகை என்பது கறிகாய் மாதிரி. வாடிய பிறகு எடை சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஆகவே கேள்வி இது. கீழே உள்ளவர்களின் கணக்கு வராதபோது, மேலே இருந்து சேர்க்கிறவர் என்ன செய்ய வேண்டும்? காத்திருக்கலாம். வந்ததை வைத்து வெளியிடலாம். வட்டத்தைச் சுருக்கலாம். வராதவர்களின் பணத்தைப் பிடிக்கலாம். இந்த நான்கையும் ஏதாவது ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது.

முதலில் காத்திருத்தல். சிக்கல் எங்கே விழுந்தது என்று பார்க்க இங்கிலாந்தின் உள்ளாட்சித் தணிக்கைக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். அங்கே நகர சபைகளின் தணிக்கையை ஒரு காலத்தில் 'ஆடிட் கமிஷன்' என்ற பொது அமைப்பு பார்த்துக்கொண்டது. செலவைக் குறைக்கிறோம் என்று 2010-இல் அதை மூடுவதாக அறிவித்தார்கள். 2015 மார்ச்சோடு மூடியே விட்டார்கள். வேலை தனியார் தணிக்கை நிறுவனங்களுக்குப் போனது. தணிக்கைக் கட்டணத்தையும் குறைத்தார்கள். அதோடு நிற்காமல், தணிக்கை முடிய வேண்டிய கெடுவை செப்டம்பர் 30-இலிருந்து ஜூலை 31-க்கு முன்னால் இழுத்தார்கள். ஆள் குறைவு, கூலி குறைவு, நாளும் குறைவு. 2018-இல் கரில்லியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் திவாலானதும் தணிக்கையாளர்கள் மேல் எல்லாப் பக்கமிருந்தும் அடி விழுந்தது. பயந்துபோனவர்கள் ஒவ்வொரு எண்ணையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும், கணக்குக்காரனாக எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஒரு நகர சபை தன் சாலைக்குப் புதுத் தார் போடுகிறது. அந்தச் செலவு சொத்தோடு சேர்கிறது. சரி, சுரண்டி எடுத்த பழைய தாருக்குக் கணக்கில் மிச்சம் இருந்த மதிப்பு எங்கே? அதைக் கழித்தாக வேண்டும் என்பது விதி. எந்தச் சபையிடமும் அந்தப் பழைய தாருக்குத் தனிக் கணக்கு கிடையாது. எந்த ஊரில்தான் இருக்கும்? இத்தனை வருஷமும் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள். ஒரு சபை, இரண்டு சபை இல்லை, பல சபைகளின் தணிக்கை மாதக்கணக்கில் இந்தத் தாரில் ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் 2022 டிசம்பரில், பழைய தாருக்கு மதிப்புப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம் என அரசே தற்காலிகமாக ஒரு விதிவிலக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தச் சாலைகளை யாரும் விற்கப் போவதில்லை, அடமானம் வைக்கப் போவதும் இல்லை.

தார்ப் பிரச்சினை தீர்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் ஓய்வூதியம் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓய்வூதிய நிதிகளை மதிப்பிடுவார்கள். 2022 மார்ச் 31 தேதிக்கான அந்த மதிப்பீடு 2023 வசந்தத்தில் வெளிவந்தபோது, 2021-22 கணக்குகள் பல இன்னும் தணிக்கையாளர் மேஜையிலேயே கிடந்தன. நேரத்துக்கு முடித்திருந்தால் பழைய மதிப்பீடே போதும். முடிக்காததால் புது மதிப்பீட்டைப் போட்டு மறுபடி எழுது என்றார்கள். தாமதத்துக்கு வட்டி போடுவது என்றால் இதுதான். தாமதம் தானே இன்னொரு தாமதத்தைப் பெற்றுப் போட்டது.

எண்களைப் பார்த்தால் மலையிலிருந்து கல் உருண்ட மாதிரி இருக்கும். 2017-18 கணக்கில் 87 சதவீத அமைப்புகளின் தணிக்கை கெடுவுக்குள் முடிந்தது. அடுத்த ஆண்டு 57. அதற்கடுத்து 45, அதுவும் கெடுவை நவம்பர் வரை நீட்டிய பிறகு. 2020-21-க்கு 9. 2022-23-க்கு 1 சதவீதம். அச்சுப் பிழை இல்லை, ஒன்றுதான். 2023 செப்டம்பர் இறுதியில் நிலுவையில் கிடந்த உள்ளாட்சித் தணிக்கைகள் 918.

காத்திருப்பதற்கு எதிரான என் வாதம் இதிலிருந்துதான் வருகிறது. காத்திருந்தால் கணக்கு முழுமையாகும் என்பது நினைப்பு. காத்திருக்கிறவர் இருக்கிறார் என்று தெரிந்தால் தாமதிக்கிறவருக்கு அவசரம் எங்கிருந்து வரும்? எங்கள் ஆபீசிலேயே "இன்னும் ரெண்டு நாள் தரேன்" என்று நான் வாய் விட்டுவிட்டால், அந்த இரண்டாம் நாள் சாயங்காலம்தான் கோப்பைத் திறப்பார்கள்.

கடைசியில் பிரிட்டனும் காத்திருந்து அலுத்துப்போய் இரண்டாவது வழிக்கு வந்தது. வந்ததை வைத்து வெளியிட்டுவிடுவது. 2022-23 முழு அரசுக் கணக்கு 2024 நவம்பரில் வந்தபோது, இங்கிலாந்தின் 426 உள்ளாட்சி அமைப்புகளில் தணிக்கையான நம்பகமான எண்களைக் கொடுத்தவை 43 மட்டுமே. 196 அமைப்புகள் தணிக்கையாகாத எண்களைக் கொடுத்தன. 187 அமைப்புகள் எதையுமே கொடுக்கவில்லை. தலைமைத் தணிக்கையாளர் கேரத் டேவிஸ் கருத்துச் சொல்லவே மறுத்துவிட்டார். இந்தக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து குறை சொல்லிக் கையெழுத்துப் போட்டதுண்டு. மறுத்தது அதுதான் முதல் முறை. மறுப்பது என்றால் கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை. சரியா தப்பா என்று சொல்லும் அளவுக்கு என் கையில் ஆதாரமில்லை என்று அர்த்தம். தப்பு என்று சொன்னாலாவது எங்கே என்று தேடலாம்.

கீழே உள்ளாட்சி மட்டத்திலும் அதே வழிதான். 2022-23 வரையிலான பழைய நிலுவை அத்தனைக்கும் 2024 டிசம்பர் 13 இறுதிக் கெடு என்று சட்டம் போட்டார்கள். தணிக்கை முடிந்தாலும் முடியாவிட்டாலும் அன்றைக்குள் தணிக்கையாளர் ஏதாவது ஓர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். நிலுவையின் பெரும்பகுதி தீர்ந்தது. எப்படி? நூற்றுக்கணக்கான மறுப்பு அறிக்கைகளாக. வீட்டை ஒழிக்கச் சொன்னால் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றுவது நம் ஊரிலும் உண்டு. ஆனாலும் இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஐந்து வருஷப் பழைய கணக்கின் மேல் உட்கார்ந்திருந்த தணிக்கையாளர்கள் நடப்பு ஆண்டுக் கணக்குக்கு வந்தார்கள். அந்த விடுதலைக்கு விலை உண்டு. போன ஆண்டின் முடிவு இருப்புதான் இந்த ஆண்டின் தொடக்க இருப்பு. தொடக்கத்தையே யாரும் பார்க்கவில்லை என்றால், இந்த ஆண்டை எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாலும் மேலே கறை இருக்கும். 2025 ஜூலையில் வந்த 2023-24 முழு அரசுக் கணக்குக்கும் மறுப்புத்தான் கிடைத்தது. ஆனால் வந்தது 16 மாதத்துக்குள்.

இந்த இரண்டாவது வழியில் கடைசி வரை போனால் எங்கே நிற்போம் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. அங்கே மத்திய அரசின் ஒருங்கிணைந்த அறிக்கை சில மாதங்களிலேயே வந்துவிடும். 2024 செப்டம்பர் 30-இல் முடிந்த ஆண்டுக்கான அறிக்கை 2025 ஜனவரியில் வந்தது. ஆனால் 1997 நிதியாண்டில் தணிக்கை தொடங்கியதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தணிக்கை அலுவலகம் அந்தக் கணக்குக்கு நல்ல சான்று கொடுத்ததில்லை. வருஷா வருஷம் மறுப்பு, வருஷா வருஷம் ஏறக்குறைய அதே மூன்று காரணங்கள். பாதுகாப்புத் துறையின் கணக்கு நிர்வாகம் ஒன்று. துறைகளுக்குள் கொடுத்து வாங்கியது ஒத்துப்போகாதது இன்னொன்று, அதாவது என் ஓசூர் லாரிக் கதை, பெரிய அளவில். சேர்க்கும் முறையிலேயே உள்ள பலவீனம் மூன்றாவது. அந்தப் பாதுகாப்புத் துறை, அதாவது பென்டகன், தன் முதல் முழுத் தணிக்கையை 2018-இல் செய்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் தோல்வி. அதன் சொத்து மதிப்பு 4 லட்சம் கோடி டாலருக்கு மேல். 2028-க்குள் தேறிவிட வேண்டும் என்று சட்டத்தில் இலக்கு வைத்திருக்கிறார்கள். மரீன் படைப் பிரிவு மட்டும் 2023 நிதியாண்டுக் கணக்கில் தேறியது. அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது என்பதிலிருந்தே மற்றப் பிரிவுகளின் நிலைமை புரியும்.

தேதி தவறாமல் வருகிற அறிக்கை, தேதி தவறாமல் வருகிற மறுப்பு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுப்பு என்பது செய்தியாகவே இருக்காது, லெட்டர்பேடில் அச்சடித்த விலாசம் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது வழி நியூசிலாந்தினுடையது. இதைப் பற்றிப் பேசும்போது என் குரலில் பொறாமை கேட்டால் மன்னிக்கவும். நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. ஆகஸ்ட் 31-க்குள் டிரெஷரி கணக்கைத் தலைமைத் தணிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும். செப்டம்பர் 30-க்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அக்டோபரில் ஊருக்கே வெளியாகிவிடும். 1989-இன் பொது நிதிச் சட்டம் போட்ட பாதை இது. இதில் முக்கியம், கெடு சேர்க்கிறவரையும் கட்டுகிறது, தணிக்கையாளரையும் கட்டுகிறது. இங்கிலாந்தில் கீழே இருந்த சபைகளுக்கு மட்டும் கெடுவை இறுக்கினார்கள்; தவறினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நியூசிலாந்தில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களுக்கு இடைக்காலக் கணக்கு வெளியிடுவதால், ஆண்டு முடிவு என்பது பல தடவை ஒத்திகை பார்த்த நாடகம். லாரியில் இருக்கும் சரக்கு பிப்ரவரியிலேயே கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் இந்த அழகுக்குப் பின்னால் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அங்குள்ள 78 உள்ளாட்சி அமைப்புகள் இந்தக் கணக்கில் இல்லை. பள்ளிகள், அரசுக் கம்பெனிகள் எல்லாம் உண்டு. நகர சபைகள் மட்டும் தனி. அவை தம் கணக்கைத் தாமே வெளியிடுகின்றன. ஆக, இங்கிலாந்தைக் குப்புறத் தள்ளிய அந்தச் சுமையை நியூசிலாந்து தூக்கவே இல்லை என்றும் சொல்லலாம்.

அப்படியானால் பிரிட்டனும் நகர சபைகளைக் கழற்றிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் நான் தயங்குகிறேன். லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்று ஒரு சிறிய ஊர். கட்டடம் கட்டுகிறேன், ஹோட்டல் கட்டுகிறேன் என்று கடன் வாங்கி, 2023 ஜூனில் அதன் சபை கைவிரித்தது. 120 கோடி பவுண்டு பற்றாக்குறை. கடன் 260 கோடி பவுண்டு வரை போகும் என்ற கணிப்பு. அந்தச் சபையின் கையில் வருஷத்துக்குச் செலவழிக்க இருந்ததோ 1.6 கோடி பவுண்டு. இந்தக் கடனைக் கடைசியில் யார் சுமப்பார்கள்? மேலே இருக்கும் அரசுதான். அந்தக் கடனில் பெரும்பகுதி அரசுக் கடன் நிதியத்திலிருந்து போனதுதான். உள்ளாட்சியை வெட்டிவிட்ட ஐந்தொகை சீக்கிரம் வரும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும், இந்த மாதிரிப் புண்ணைக் காட்டாது.

நான்காவது வழி நம் ஊரிலேயே இருக்கிறது. இந்தியாவில் பிரிட்டன் மாதிரி மத்திய அரசு, மாநிலங்கள், ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்த ஒரே ஐந்தொகை கிடையாது. அரசுக் கணக்கே இன்னும் ரொக்க அடிப்படையில்தான் ஓடுகிறது. ஆனால் கீழ்மட்டக் கணக்கை வரவழைப்பதற்குப் பதினைந்தாவது நிதிக்குழு ஒரு நேரடியான வழி சொன்னது. 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. அதை வாங்க வேண்டுமானால், போன ஆண்டின் தணிக்கையாகாத கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கையான கணக்கும் இணையத்தில் இருக்க வேண்டும். முதலில் ஒரு மாநிலத்தில் கால்வாசி உள்ளாட்சிகளாவது ஏற்றியிருந்தால் போதும். 2023-24-இலிருந்து யார் ஏற்றினார்களோ அவர்களுக்குத்தான் பணம். கணக்கு வராத இடத்துக்குப் பணம் போகாது. ஊராட்சிச் செயலருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் கடிதம் எழுத முடியாது. இந்த நிபந்தனையில் எனக்குப் பிடித்தது, தணிக்கையாகாததையும் தணிக்கையானதையும் தனித்தனியாகக் கேட்டது. சீக்கிரம் வேண்டியது ஒன்று, நம்பிக்கையாக வேண்டியது ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் எதிர்பார்க்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பணத்துக்காக ஏற்றுகிற கணக்கு, ஏற்றுவதற்காகவே எழுதப்பட்ட கணக்காகவும் இருக்கலாம். தவிர, குமாஸ்தா பணியிடம் காலியாக இருப்பதால் கணக்கு வராத ஊராட்சிக்கு மானியத்தையும் நிறுத்தினால், குழாயில் தண்ணீர் வராமல் தவிப்பது குமாஸ்தா அல்ல. இங்கிலாந்தில் இதை அப்படியே செய்யவும் முடியாது. அங்கே தாமதத்துக்குப் பாதிக் காரணம் தணிக்கையாளர் பஞ்சம். ஆடிட்டர் வரவில்லை என்று சபைக்கு அபராதம் போடுவது எந்த ஊர் நியாயம்?

என்னைக் கேட்டால், சேர்க்கிறவருக்கும் தணிக்கையாளருக்கும் நியூசிலாந்து மாதிரிச் சட்டக் கெடு வைப்பேன். ஆண்டு முடிந்து ஆறு மாதம், ஒரு நாள் தள்ளமாட்டேன். வட்டத்தைச் சுருக்க மாட்டேன். ஆனால் ஐந்தொகையைப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தியாக, அதாவது இரண்டு காலமாக (column) அச்சடிப்பேன். மைய அரசும் அதன் அமைப்புகளும் முதல் பத்தியில், தணிக்கையாளரின் முழுக் கருத்தோடு. உள்ளாட்சிகள் இரண்டாவது பத்தியில், வந்தது வந்தபடி, வராதவற்றின் பெயர்ப் பட்டியலோடு. வராத சபையின் இடத்தில் போன ஆண்டு எண்ணைப் போட்டு, அது போன ஆண்டு எண் என்று பக்கத்திலேயே எழுதுவேன். அப்படிச் செய்தால் கீழே விழுந்த கறை மேலே வரை ஏறி முழுக் கணக்கையும் மறுப்பாக்காது. அமெரிக்கா போல மறுப்பு மரத்துப்போகாமல் இருக்க அந்தப் பெயர்ப் பட்டியல் வேண்டும். 'சில அமைப்புகள் தரவில்லை' என்றால் யாருக்கும் சுடாது. பெயர் போட்டால் அந்த ஊர்ப் பத்திரிகையில் வரும்.

இதற்கு எதிராக எங்கள் ஆடிட்டரே சொல்வார்: "இரண்டு பத்தி போட்டா அது கன்சாலிடேஷனே இல்லப்பா." உண்மைதான், மைய அரசு கொடுத்த மானியத்துக்கும் சபை வாங்கிய மானியத்துக்கும் நடுவே அடிக்க வேண்டியது அரைகுறையாக நிற்கும். நிற்கட்டும். நின்ற தொகையைத் தனி வரியாகக் காட்டினால், லாரி எந்த ரோட்டில் நிற்கிறது என்றாவது தெரியும்.

இங்கிலாந்தில் அடுத்து வருவது மெதுவான வேலை. மூடிய ஆடிட் கமிஷனுக்குப் பதிலாக, உள்ளாட்சித் தணிக்கைக்கென்று புதிதாக ஓர் அலுவலகம் அமைக்கப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆண்டுக்கு ஓர் இறுதிக் கெடுவாக அட்டவணை போட்டிருக்கிறார்கள். 2025-26 கணக்குக்கு 2027 ஜனவரி 31, 2027-28 கணக்குக்கு 2028 நவம்பர் 30. அந்தக் கடைசித் தேதிக்குப் பிறகு வருகிற முழு அரசுக் கணக்கில் நான் முதலில் புரட்டப் போவது கடன் பக்கத்தை அல்ல, தணிக்கையாளர் பக்கத்தை.